பின் லைட்டும் பச்சைக் களிம்பும்

தைப்பொங்கலுக்கு முதல் கிழமை. கல்முனையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு இரவு எட்டு மணியளவில் கல்லடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். குருக்கள்மடம் தாண்டிக் கிரான்குளத்துக்குள் நுழைகிற இடத்தில் தெருவுக்குக் குறுக்கே நாலைந்து மாடுகள். பிரேக்கை அமத்தினேன், கார் நின்றது. பின்னால் வந்த லொறி டயர் கத்தக் கத்த இழுபட்டு வந்து, என் பின் பம்பருக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் நின்றது.

சாரதி இறங்கி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் காரின் பின்பக்கத்துக்கு டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க பிரேக் புடிச்சது எனக்குத் தெரியவே இல்ல. வெளிச்சம் கூடும் எண்டு பாத்தா, இடப்பக்கம் இருந்த சின்ன வெளிச்சமும் அமந்து போச்சு. நீங்க தள்ளிப் போறீங்க எண்டுதான் நினைச்சன்" என்றார். பின் சீட்டில் பிள்ளைகள் இரண்டும் நித்திரை. அவர் சொன்னது வீடு வரும்வரை என் காதுக்குள்ளேயே இருந்தது. அமத்தினால் கூட வேண்டிய வெளிச்சம் குறைந்து போகிறது. பிரேக் லைட்டே எரியாத காரைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் பின்னால் வருபவருக்கு இது நேர்மாறான செய்தியைச் சொல்கிறது.

கார் 1990களில் வந்த ஜப்பான் சலூன். நடுவில் மூன்றாவது பிரேக் லைட் கிடையாது. இடம், வலம் இரண்டும்தான் கணக்கு.

மறுநாள் காலையில் மூத்த மகளை சாரதி சீட்டில் இருத்தினேன். சீட்டை முழுதாக முன்னுக்குத் தள்ளியும் நுனிக் காலால்தான் அவளுக்குப் பிரேக் எட்டியது. "அமத்து… விடு… அமத்து" என்று நான் சொல்ல, "எரியுதா அப்பா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். வலப்பக்கம் பார்க் லைட், இரவில் விடாமல் எரிகிற அந்தச் சின்ன வெளிச்சம், நன்றாக எரிந்தது, பிரேக்குக்கு அசைவே இல்லை. இடப்பக்கம் சாரதி சொன்னபடிதான்: பார்க் லைட் மங்கலாக எரிந்தது, பிரேக்கை அமத்தியதும் அதுவும் செத்துப்போனது. விட்டால் திரும்பவும் மங்கலாக வந்தது.

வலப்பக்கத்தில் வேலை இரண்டு நிமிடம்தான். டிக்கியின் உள் அட்டையைக் கழற்றி, ஹோல்டரைக் கால் சுற்றுத் திருப்பி வெளியே எடுத்தேன். இந்தப் பல்ப்பை ஒருமுறை கையில் வைத்து நன்றாகப் பார்க்க வேண்டும், பிறகு சொல்லப்போகிற பல விஷயங்கள் இதில்தான் இருக்கின்றன. கண்ணாடிக்குள் இரண்டு இழைகள். மெல்லியது 5 வாட், அது பார்க். தடித்தது 21 வாட், அது பிரேக். பித்தளை அடியில் இரண்டு ஈயப் பொட்டுகள், ஒவ்வோர் இழைக்கும் ஒன்று. மின்சாரம் அந்தப் பொட்டுகள் வழியே உள்ளே வருகிறது. திரும்பிப் போகிற வழி மட்டும் இரண்டு இழைக்கும் ஒன்றுதான், அது பித்தளை உடம்பு. பக்கத்தில் உள்ள ஊசிகள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை, ஒன்று சற்று மேலே, மற்றது கீழே. பார்க்கும் பிரேக்கும் மாறிவிடாதபடி செய்திருக்கிறார்கள். என் பல்ப்பில் தடித்த இழை நடுவில் அறுந்து, கண்ணாடியின் உட்புறம் வெள்ளிச் சாம்பல் படிந்திருந்தது. புதியதைப் போட்டேன். வலப்பக்கம் முடிந்தது.

இடப்பக்கத்தில் புதிய பல்ப் போட்டும் ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பக்கத்து சிக்னலையும் போட்டுப் பார்த்தேன். பார்க் நிறுத்தியிருக்க, சிக்னல் பல்ப் ஏதோ சாட்டுக்கு மினுங்கியது, பக்கத்தில் இருந்த பார்க் லைட் அதே தாளத்துக்கு சிவப்பாக வெட்டி வெட்டி எரிந்தது. உள்ளே ஃபிளாஷரின், அதாவது சிக்னலை விட்டு விட்டு எரிய வைக்கிற சாமானின், டிக் டிக் சத்தமும் வழமையைவிட வேகம்.

இந்த இடத்தில் நான் அரை நாளைத் தொலைத்தேன். எப்படித் தொலைத்தேன் என்பதை விவரமாக எழுதுகிறேன், மல்டிமீற்றர் வைத்திருக்கிற எல்லோரும் விழக்கூடிய குழி இது. பல்ப்பைக் கழற்றிவிட்டு, பிரேக்கை அமத்தச் சொல்லி, ஹோல்டரின் பிரேக் பொட்டுக்கும் பித்தளை ஓரத்துக்கும் இடையே மீற்றரை வைத்தேன். 12.4 வோல்ட். பற்றரியிலும் அதேதான். சரி, மின்சாரம் முழுதாக வருகிறது. அடுத்து மீற்றரை சத்தம் போடுகிற இடத்துக்குத் திருப்பி, ஹோல்டர் ஓரத்துக்கும் காரின் பொடிக்கும் (இரும்பு உடம்புக்கும்) வைத்தேன். பீப் என்று கத்தியது. சரி, எர்த்தும், அதாவது மின்சாரம் பொடி வழியே பற்றரிக்குத் திரும்பிப் போகிற வழியும், இருக்கிறது. வருகிற வழியும் நல்லது, போகிற வழியும் நல்லது, பல்ப்பும் புதியது, ஆனால் எரியவில்லை! ஹோல்டர்தான் பழுது என்று முடிவுகட்டி, அதைக் கழற்றி, சுரண்டி, வளைத்து, திரும்பப் போட்டு மத்தியானமாகிவிட்டது.

காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த வயரிங் காக்கா ஒருவர் இருக்கிறார் (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்). வாகன வயரிங்கிலேயே ஆயுசைக் கழித்தவர். பின்னேரம் அவரிடம் போய் அளவுகளைச் சொன்னேன். அவர் காரைப் பார்க்கவே வரவில்லை.

"தம்பி, பல்ப்பக் கழட்டிப்போட்டா அளந்தீங்க?"

"ஓம் காக்கா."

"அப்ப அது பொய்தான் சொல்லும். சும்மா நிக்கிற மாட்டக் காட்டி இது வண்டி இழுக்கும் எண்டு சொல்ற மாதிரி. பாரத்தக் குடுத்துப் பாருங்க."

மேசைக்குக் கீழிருந்து ஒரு சாமானை எடுத்துத் தந்தார். பழைய 21 வாட் சிக்னல் பல்ப் ஒன்று, அதில் இரண்டு வயர் ஈயம் வைத்து ஒட்டியிருந்தது, ஒரு வயரின் நுனியில் முதலைவாய் கிளிப், மற்றதில் ஊசி. அவ்வளவுதான். கடையில் விற்கிற எல்இடி டெஸ்டர் நூலிழை மின்சாரத்துக்கே எரிந்துவிடும். இந்தப் பல்ப் ஒன்றேமுக்கால் ஆம்பியர் கேட்கும். அவ்வளவையும் தரக்கூடிய பாதை என்றால்தான் பளிச்சென்று எரியும். இதை ஏர்பேக், கம்பியூட்டர் பெட்டி வயர்களில் மட்டும் வைக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினார். அந்த வயர்களின் முனையில் உள்ள சாமான்கள் இந்தப் பாரத்தைத் தாங்காது.

வீட்டுக்கு வந்து பற்றரியின் பொசிடிவிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று வைத்து நீள வயர் ஒன்றைப் பின்னுக்கு இழுத்தேன். அதில் கிளிப்பைப் பிடித்து, ஊசியை வலப்பக்க ஹோல்டரின் எர்த்தில் வைத்ததும் கண் கூசியது. இடப்பக்க எர்த்தில் வைத்தேன். ஒன்றும் இல்லை. கையால் மறைத்து உற்றுப் பார்த்தால் இழை இருப்பது மட்டும் தெரிந்தது. மீற்றர் பீப் என்று கத்திய அதே எர்த் இது. மீற்றர் கத்துவதற்கு 20, 30 ஓம் தடை இருந்தாலும் பல மீற்றர்களுக்குப் போதும். 21 வாட் பிரேக் இழையோ எரியும்போது வெறும் 7 ஓம்தான். அதற்கு முன்னால் 13 ஓம் தடையைப் போட்டால் வோல்டேஜின் பெரும்பங்கு அங்கேயே செலவாகிவிடும், பல்ப் எரியப் போதிய மிச்சம் வராது. பல்ப்பைக் கழற்றிவிட்டு அளந்தபோது 12.4 காட்டியதற்கும் இதுதான் காரணம். மீற்றருக்குள் மின்சாரம் ஓடுவதே இல்லை என்று சொல்லலாம், ஓட்டம் இல்லாத இடத்தில் தடை தன்னைக் காட்டாது.

பிரேக் அமத்தினால் பார்க் ஏன் சாக வேண்டும்? எங்கள் பக்கத்தில் வயல் செய்தவருக்கு இது கஷ்டமான விஷயம் இல்லை. இரண்டு வரவைகளுக்கு (வயல் துண்டுகளுக்கு) ஒரே வடிச்சல், தண்ணீர் வடிகிற ஒரே வாய்க்கால், என்று வையுங்கள். வடிச்சல் அடைபட்டிருக்கிறது, கொஞ்சம் கசிகிறது. ஒரு வரவையில் மட்டும் சிறு தண்ணீர் ஓடும்போது அந்தக் கசிவே போதும், ஏதோ ஓடுகிறது. பெரிய வக்கடையை (வரம்பில் தண்ணீர் விடுகிற வாயை) திறந்து மற்ற வரவைக்கும் தண்ணீர் விட்டால் வடிச்சல் வாய் நிரம்பி நிற்கும், சின்ன வரவையின் ஓட்டமும் நின்றுவிடும். பார்க் இழை சின்ன வரவை, பிரேக் இழை பெரியது. பிரேக் அமத்தும்போது பொது எர்த்தின் வோல்டேஜ் மேலே ஏறிவிடுகிறது, இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மட்டம், எந்த இழையிலும் எரியப் போதிய ஓட்டம் இல்லை.

சிக்னல் போடும்போது நடந்தது அடுத்த வேடிக்கை. அப்போது பார்க் நிறுத்தியிருந்தது, அந்த வயரில் வோல்டேஜ் இல்லை. வடிச்சல் இல்லாத தண்ணீர் வரம்பை வெட்டிக்கொண்டு பக்கத்து வயலுக்குள் போவது போல, சிக்னல் இழை வழியாக வந்த மின்சாரம் பொது எர்த்தில் முட்டி, பார்க் இழைக்குள் பின்பக்கமாக ஏறி, பார்க் வயர் வழியே மற்றப் பக்கப் பல்ப்புகளுக்குள் போய் அவற்றின் நல்ல எர்த்தில் இறங்கியது. இழைக்கு மின்சாரம் எந்தப் பக்கத்தால் வந்தாலும் ஒன்றுதான், எரியும். அதனால்தான் பார்க் லைட் சிக்னல் தாளத்துக்கு ஆடியது. சிக்னலுக்குள் ஓடுகிற மின்சாரம் குறைந்ததால் ஃபிளாஷர் பல்ப் ஒன்று போய்விட்டது என்று நினைத்து வேகமாக அடித்தது.

பழுது எர்த்தில்தான், அது தெரிந்துவிட்டது. ஆனால் எர்த்தில் எந்த இடம்? இந்த முறை பல்ப் எல்லாம் மாட்டியிருக்க, பார்க்கைப் போட்டு, மகளைப் பிரேக்கிலும் காலை வைத்திருக்கச் சொல்லிவிட்டு அளந்தேன். மீற்றரின் கறுப்பு முனையை டிக்கிப் பூட்டு விழுகிற இரும்பில் வைத்தேன், அது பெயின்ற் இல்லாத வெறும் உலோகம். சிவப்பு முனையை ஹோல்டரின் எர்த்தில் வைத்தேன். நல்ல எர்த் என்றால் பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். பார்க் மட்டும் போட்டபோது 4.4 வோல்ட். பிரேக்கும் சேர்ந்தபோது 10.3. பற்றரியின் 12.4இல் 10.3 திரும்பிப் போகிற வழியிலேயே செத்துக்கொண்டிருந்தது.

அங்கிருந்து கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது டிக்கியின் இடது மூலையில், அட்டைக்கும் பின்னால், ஒரு பத்தாம் நம்பர் போல்ட்டில் போய் முடிந்தது. தலையைச் சரித்து டோர்ச் அடித்தால்தான் தெரிகிற இடம். போல்ட்டின் தலையில் துரு, அதைச் சுற்றி வெள்ளை உப்புத் தூள். வயர் லக்ஸுக்குள், அதாவது போல்ட்டில் மாட்டுகிற உலோக முனைக்குள், நுழைகிற வாயில் பச்சைக் களிம்பு, பழைய பித்தளைக் குத்துவிளக்கின் அடியில் படிந்திருக்குமே, அதே நிறம், சுரண்டினால் மாவு போல உதிர்ந்தது. வயருக்குள் ஊசி குத்தி அளந்தால் 10.2. ஒரு அங்குலம் தள்ளி, லக்ஸின் உலோகத்தில் 3.6. அதற்குக் கீழே பொடியில் பூச்சியம். ஆகவே வயருக்கும் லக்ஸுக்கும் இடையில் ஆறரை வோல்ட், லக்ஸுக்கும் பொடிக்கும் இடையில் மூன்றரை வோல்ட் தொலைகிறது. பத்து வோல்ட் தொலைந்த தூரம் என் பெருவிரல் நீளம்தான்.

கல்லடி ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல், நடுவில் ஒரு துண்டு மணல். மாரியில் வாடைக்காற்று அடிக்கும்போது ஜன்னல் கம்பியை நக்கினால் உப்புக் கரிக்கும். இரும்புக்கும் செம்புக்கும் இதைவிடப் பொல்லாத இடம் வேறில்லை. வெறும் மழைத் தண்ணீர் காய்ந்தால் போய்விடும். உப்புப் போகாது, இரவுக் குளிருக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு செம்பை மெல்ல மெல்லத் தின்னும்.

செய்த வேலை இது. முதலில் பற்றரியின் நெகடிவைக் கழற்றினேன். போல்ட்டுக்கு துரு ஒயில் விட்டு அரை மணித்தியாலம் விட்டுவைத்தேன், அவசரப்பட்டுத் திருகினால் முறியும், முறிந்தால் டிரில் பிடிக்க வேண்டி வரும். வயரை லக்ஸோடு வெட்டி, இன்சுலேஷனை உரித்துப் பார்த்தேன். உள்ளே செம்பு கரி போலக் கறுத்திருந்தது. இன்னும் ஒரு அங்குலம் வெட்டினேன், கறுப்பு. இன்னொன்று, அதுவும் கறுப்பு. இழைகளுக்கு நடுவில் ஈரம் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறுகிறது. நாலாவது அங்குலத்தில்தான் சிவந்த செம்பு தெரிந்தது. இந்தக் கறுப்பு வயரிலேயே புது லக்ஸை அடித்து வேலையை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு மாரிகூடத் தாங்காது, ஈயமும் அதில் ஒட்டாது.

வெட்டிய நீளத்துக்கு அதே தடிப்பில் புது வயர் சேர்த்தேன். லக்ஸை சாதாரணக் குறட்டால் நசுக்காமல், அதற்குரிய குறட்டால் அழுத்தினேன். இழுத்துப் பார்த்தால் வரக்கூடாது. அதற்கு மேல் உட்பக்கம் பசை உள்ள சுருங்கும் குழாயை ஏற்றி, லைற்றரால் சூடு காட்டினேன். ஓரத்தில் பசை ஒரு மணி போலப் பிதுங்கி வந்தால் தண்ணீர் போக வழி இல்லை என்று அர்த்தம். பொடியில் போல்ட் விழுகிற இடத்தைச் சுற்றி ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு பெயின்றையும் துருவையும் சாண்ட் பேப்பரால் தேய்த்து வெள்ளி நிறம் காணும்வரை விடவில்லை. புது போல்ட், பல் உள்ள வாசர், இறுக்கம். இறுக்கிய பிறகுதான் மேலே வாஸ்லின் அப்பினேன். முதலே அப்பக் கூடாது, உலோகமும் உலோகமும் நேரே முட்ட வேண்டும், அதற்கு மேல்தான் ஈரத்துக்குத் தடுப்பு.

நெகடிவைத் திரும்ப மாட்டி, அதே அளவை எடுத்தேன். பார்க்கும் பிரேக்கும் சேர்ந்து 0.03 வோல்ட். பொதுவாக 0.2க்குக் கீழே இருந்தால் பயமில்லை. மகள் பிரேக்கை அமத்தினாள், கிணற்றடி வெள்ளைச் சுவரில் இரண்டு சிவப்பு வட்டமும் ஒரே அளவில் விழுந்தன. "எரியுதா அப்பா?" என்று கேட்டவள் நான் பதில் சொல்லும் முன்னமே பக்கக் கண்ணாடியில் சுவரைப் பார்த்துவிட்டு, "ஆ, எரியுது!" என்றாள்.

போல்ட் நனைந்தது எப்படி என்று பார்க்காமல் விட்டால் பாதி வேலைதான். பின் லைட் பெட்டியைக் கழற்றினேன். அதற்கும் பொடிக்கும் நடுவில் இருக்கிற நுரை ரப்பர் காய்ந்து அப்பளம் போல நொறுங்கியது. தண்ணீர் வழிந்த தடம் அங்கிருந்து நேரே போல்ட்டுக்கு இறங்கியிருந்தது. டிக்கியின் அடிக் குழியில் தண்ணீர் போகிற துளையும் கடல் மணலால் அடைந்துபோய்க் கிடந்தது, ஈர்க்கால் குத்தி எடுத்தேன். மூலை முழுவதையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று தரம் துடைத்து உப்பைப் போக்கிக் காயவிட்டேன். புதிய நுரைப் பட்டி வெட்டி ஒட்டினேன். சிலர் சிலிக்கன் அடைப்பார்கள். அடைப்பதென்றால் வினாகிரி மணம் வருகிற சிலிக்கன் வேண்டாம், அது காயும்போது வெளிவிடுகிற அமிலம் பக்கத்தில் உள்ள செம்பையும் இரும்பையும் தின்னும். ஒருவர் டிக்கிக்குள் டோர்ச்சோடு இருக்க, மற்றவர் வெளியிலிருந்து வாளியால் ஊற்றிப் பார்க்க வேண்டும். மனைவி நாலு வாளி ஊற்றினார், உள்ளே ஒரு சொட்டும் வரவில்லை.

அத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். எட்டாம் நாள் சந்தையில் சாமான் வாங்கி, டிக்கியில் வைத்து, மூடிவிட்டு வெளிக்கிட்டால் பார்க் லைட்டுகள் ஒன்றும் இல்லை. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை, டாஷ் வெளிச்சமும் இல்லை. பிரேக், சிக்னல் மட்டும் நல்லபடி. ஃபியூஸ் பெட்டியில் பார்க்குக்கான 10 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்திருந்தது. புதியது போட்டேன், வீடு வந்தது. டிக்கியைத் திறந்தேன், திரும்பவும் எரிந்தது. இந்த நேரத்தில் 10க்குப் பதில் 20, 30 போட்டுவிட்டுப் போவது, அல்லது சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவிடுவது நடக்கிற காரியம்தான். ஃபியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும், வயர் ஓடுவதோ சீட்டுக்கும் கார்ப்பட்டுக்கும் அடியால். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஒவ்வொரு ஃபியூஸாகப் பலி கொடுக்காமல் தேட ஒரு வழி உண்டு. காக்காவின் 21 வாட் பல்ப்பையே ஃபியூஸ் இருக்கிற இடத்தில் அதன் இரண்டு காலுக்கும் நடுவில் மாட்டினேன். வயர் எங்காவது பொடியில் முட்டினாலும் பல்ப் எரியுமே தவிர ஒன்றும் கருகாது. ஆனால் மாட்டுவதற்கு முன் பார்க் பல்ப்புகளை எல்லாம் கழற்றிவிட வேண்டும்: முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு இரண்டு. குளிர்ந்த இழையின் தடை மிகக் குறைவு, ஆறும் சேர்ந்தால் அதுவே ஷோர்ட் போலத் தெரியும், பழுது இல்லாத நேரத்திலும் பல்ப் எரிந்து ஏமாற்றிவிடும். டாஷ் பல்ப்புகளை மட்டும் விட்டேன், அவை நல்லதொரு சாட்சி. பழுது இல்லாத நேரத்தில் டாஷ் எரியும், என் பல்ப் தணல் போலச் சிவந்து நிற்கும். வயர் முட்டிய உடனே டாஷ் இருண்டு, என் பல்ப் முழு வெளிச்சத்துக்கு வரும்.

பிறகு மகளை டாஷைப் பார்க்கச் சொல்லிவிட்டு டிக்கி மூடியை மெல்ல மெல்லத் தூக்கினேன். பாதி வழியில் "இருண்டிட்டு அப்பா!" என்று கத்தினாள். ஒரு சாண் இறக்கினால், "வந்திட்டு!" மூடிக்கும் பொடிக்கும் நடுவில், கீலுக்குப் பக்கத்தால் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் வளைந்து போகும். அதை இழுத்து ஒதுக்கினேன். உள்ளே நம்பர் பிளேட் லைட்டுக்குப் போகிற வயர், கீல் மடிகிற இடத்தில் இன்சுலேஷன் வெடித்து, ஒரு நெல்மணி நீளத்துக்கு வெறும் செம்பு. மூடி எழும்பும்போது அது கீலின் இரும்பில் உரசுகிறது. பக்கத்து வயர் உள்ளுக்குள் பாதி இழை அறுந்து, அடுத்த பழுதுக்குத் தயாராக இருந்தது.

இதற்கு டேப் சுற்றுவது மருந்தில்லை. எங்கள் வெயிலுக்கு டிக்கிக்குள் டேப்பின் பசை உருகிப் பாகாகி, ஒரு மாதத்தில் வழுகிவிடும். குழாய்க்குள் போகிற வயர்கள் எல்லாவற்றையும் ஒரு முழத்துக்கு வெட்டி, நுண்ணிய இழைகள் நிறைந்த வளையக்கூடிய வயரால் மாற்றினேன். மூட்டுகள் ஒன்றும் மடிகிற இடத்தில் வரக்கூடாது, இரண்டு நுனியும் குழாய்க்கு வெளியே, பொடிக்குள்ளும் மூடிக்குள்ளும் போய் நிற்க வேண்டும். எல்லா மூட்டும் ஒரே இடத்தில் குவியாதபடி ஒன்றுக்கொன்று ஒரு அங்குலம் தள்ளிப் போட்டேன். மூடி முழுதாகத் திறந்திருக்கும்போது வயர் விறைத்து நிற்கக் கூடாது, அதற்குக் கொஞ்சம் தளர்வு விட்டேன். அதன் பிறகு இன்றுவரை அந்த ஃபியூஸ் எரியவில்லை.

அதே கிழமை ஏறாவூரிலிருந்து மச்சான் வேனைக் கொண்டுவந்தார். பிரேக் அமத்தினால் டாஷ் முழுக்க எரிகிறது, பார்க் போட்டால் பிரேக் லைட் நிரந்தரமாக எரிகிறது. "உன்ட காருக்கு வந்த எர்த் பழுதுதான் மச்சான்" என்று அவரே தீர்ப்பும் சொன்னார். நான் மண்டையை ஆட்டவில்லை. எர்த் பழுதில் மின்சாரம் ஒரு பல்ப்பின் இழைக்குள் நுழைந்துதான் பார்க் வயருக்குப் போக வேண்டும், வோல்டேஜ் அந்த இழையிலேயே செலவாகிவிடும், டாஷ் இப்படிப் பளிச்சென்று எரிய வராது. பளிச்சென்று எரிந்தால் பிரேக் வயரும் பார்க் வயரும் எங்கோ நேரே முட்டுகின்றன. வலது பல்ப்பைக் கழற்றினேன். ஒற்றை இழைப் பல்ப்! ஊசிகள் இரண்டும் ஒரே உயரம், அடியில் நடுவில் ஒரே ஒரு பெரிய பொட்டு. யாரோ இரண்டு பொட்டு ஹோல்டரில் அதைத் திணித்திருக்கிறார்கள். அந்தப் பெரிய பொட்டு ஹோல்டரின் இரண்டு முனையையும் ஒன்றாக்கி வைத்திருந்தது. சரியான பல்ப் போட்டதும் சுகம். பத்து நிமிடமும் இல்லை.

மச்சான், பின்னுக்கு எல்லாம் எல்இடி போட்டுவிடுவோமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். பழைய லைட் பெட்டியின் கண்ணாடிக் கிண்ணம் இழைப் பல்ப்புக்கென்று வளைத்தது, ஒளி எந்த இடத்திலிருந்து பிறக்கும் என்று கணக்குப் பார்த்துச் செய்தது. பல எல்இடிகளில் நேரே நின்று பார்த்தால் கண்ணைக் குத்தும், பக்கத்தால் வருகிற சைக்கிள்காரருக்கு ஒன்றும் தெரியாது. சிக்னலில் போட்டால் மின்சாரம் குறைந்து ஃபிளாஷரும் வேகமாக அடிக்கத் தொடங்கும். 21 வாட் இழைக்கு நல்ல எர்த்தும் துடைத்த கண்ணாடியும் இருந்தால் பகல் வெயிலிலும் பின்னால் வருபவருக்குத் தெரிகிறது, அது போதும்.

இடது மூலை அட்டையின் உட்புறத்தில் வெள்ளை டேப் ஒரு துண்டு ஒட்டி, பேனையால் "0.03, தை" என்று எழுதி வைத்திருக்கிறேன். ஐப்பசியில் மழை தொடங்க முன்னம் அதே இடத்தில், அதே இரண்டு லைட்டையும் போட்டு, திரும்ப அளப்பேன். எண் ஏறியிருந்தால் களிம்பு திரும்ப வருகிறது என்று தெரியும். போன கிழமை அக்கா வீட்டுக்குப் போய் வரும்போது மனைவியின் தம்பியை மோட்டார் சைக்கிளில் பின்னால் வரச் சொன்னேன். குருக்கள்மடம் தாண்டி, மாடுகள் நின்ற அதே இடத்தில் பிரேக் பிடித்தேன். "அத்தான், தூரத்திலேயே தெரியுது, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி" என்றான்.

ரிவர்ஸ் லைட் மட்டும் இன்னும் எரியவில்லை. பல்ப் நல்லது, எர்த் நல்லது, ஃபியூஸ் நல்லது, ஹோல்டர்வரை பாரம் கொடுத்துப் பார்த்துவிட்டேன், மின்சாரம் பின்னுக்கு வரவே இல்லை. இனி கியர் பொக்ஸில் உள்ள சுவிட்ச்தான் மிச்சம், அதற்குக் காருக்குக் கீழே படுக்க வேண்டும். முற்றம் காய்ந்த பிறகு.